ஒட்டிய அம்பை எடுக்க மறந்தேன்

சில வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நடந்தது இது. திருப்பூரிலிருந்து முதலிபாளையம் போகிற வழியில் இருக்கும் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். வருடா வருடம் மாறுதல் கேட்க வேண்டும் என்று நினைப்பேன், கேட்கிற நேரம் வந்தால் மனது வராது.

எங்கள் பள்ளியைச் சுற்றி எங்கே திரும்பினாலும் பனியன் கம்பெனிதான். பிள்ளைகளின் பெற்றோர் தையல், கட்டிங், அயர்ன், பேக்கிங் என்று ஏதாவது ஒரு வேலையில் இருப்பவர்கள். உள்ளூர்க்காரர்கள் உண்டு, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் உண்டு. கொஞ்ச காலமாகப் பீகார், ஒடிசாப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஒரே பெஞ்சில் ஒன்று ‘ஏனுங்க டீச்சர்’ என்று கூப்பிடும், இன்னொன்று ‘டீச்சர், இங்கன வாங்களேன்’ என்று கூப்பிடும், மூன்றாவது எதுவும் சொல்லாமல் என் முந்தானையைப் பிடித்து இழுக்கும். ஆங்கிலப் பாட வேளையில் மட்டும் எல்லாரும் சமம். அந்த மொழியை வீட்டில் பேசுகிற பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

அந்த வருடம் ஜூன் மாதம் பீகார்க்காரர் ஒருவர் தன் மகளைச் சேர்க்க அழைத்து வந்தார். பக்கத்துக் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்கு இவ்வளவு கூலி என்று, தைக்கிற டெய்லர். முப்பது வயது இருக்கலாம். கம்பெனியில் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால், இலக்கணம் எப்படிப் போனாலும் ‘ங்க’ மட்டும் ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் தவறாமல் வரும்.

“மேடம், நாங்க எப்ப எந்த ஊருக்குப் போவோம்னு தெரியாதுங்க. இங்கிலீஷ் படிக்கட்டுங்க. அது எங்க போனாலும் வேணுமுங்க” என்றார். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. அடுத்துச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது.

“தீபாவளி வரைக்கும் பாக்கறேனுங்க. படிப்பு வரலைன்னா ஊட்டுல இருக்கட்டுங்க. சின்னத் தம்பி இருக்கான், பாத்துக்கும். சம்சாரம் கம்பெனிக்குப் போவாங்க.”

அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. மகள் பள்ளிக்கு வந்தால் மனைவி வீட்டில் இருந்தாக வேண்டும். சும்மா பெஞ்சைத் தேய்ப்பதற்காக மனைவியை வேலைக்கு அனுப்பாமல் இருக்க அவர் தயாராக இல்லை. எனக்கோ கோபம் வந்துவிட்டது. கல்வி உரிமை, சட்டம் என்று ஆரம்பித்தேன். தலைமை ஆசிரியை என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த அப்பா போன பிறகு என்னிடம் சொன்னார்:

“சட்டம் பேசுனீன்னா ராத்திரியே ஊட்டைக் காலி பண்ணிட்டு வேற ஏரியாவுக்குப் போயிருவாங்க கண்ணு. புள்ளைக்கு ஏதோ கொஞ்சம் படிப்பு வந்துட்டா அவரே அனுப்புவாரு. நீ அதைப் பாரு.”

ஆக, தீபாவளிக்குள் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் வாசிக்க வர வேண்டும். இல்லாவிட்டால் எட்டு வயதில் அவளுடைய படிப்பு முடிந்தது.

அவள் பேசவே இல்லை. தமிழ் தெரியாது, ஆங்கிலம் தெரியாது. இந்தி தெரியும், ஆனால் என்னுடைய இந்தியைக் கேட்டுப் பதில் சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றாது. புது மொழிக்கு நடுவே வந்து விழுகிற பிள்ளை பல மாதம் வாய் திறக்காமல் இருக்கும், காது மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும், அதை வற்புறுத்தக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேட்டபோது நன்றாகத்தான் தலையாட்டினேன். ஆனால் எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டில் கேட்டால் ‘கொஞ்சம்’ என்பதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தீபாவளி வேறு கண்முன் நின்றது.

என்னால் முடிந்ததைச் செய்தேன். கதவு, ஜன்னல், பீரோ, குப்பைத்தொட்டி என்று வகுப்பில் இருந்த எல்லாவற்றின் மேலும் அதன் ஆங்கிலப் பெயரை எழுதி ஒட்டினேன். பட அட்டைகளும் சொல் அட்டைகளும் வெட்டி ஜோடி சேர்க்கச் சொன்னேன். எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் ஒலியை முதலில் பழக்கினேன். தினமும் ஒரு சின்னக் கதையைப் படத்தைக் காட்டிக் காட்டி ஆங்கிலத்தில் வாசித்தேன். குரங்கு வந்தால் குரங்கு மாதிரியே நடித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் தூத்துக்குடிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியை உட்கார வைத்தேன். இவளுக்கு வாயே மூடாது. அது வரை நான்கு பேர் பக்கத்தில் உட்கார வைத்து, நான்கு பேரும் படிக்க முடியவில்லை என்று புகார் சொல்லிவிட்டார்கள். பேசாதவள் பக்கத்தில் பேசி ஓயாதவளை உட்கார வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டேன். கணக்கு பலித்தது. ஒருத்தி பேசினாள், ஒருத்தி கேட்டாள், இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

ஆகஸ்டு முடிவதற்குள் அந்தப் பீகார்ப் பெண் அட்டைகளைச் சரியாக ஜோடி சேர்க்க ஆரம்பித்தாள். நான் ஒலியைச் சொன்னால் எழுத்தைத் தொட்டுக் காட்டுவாள். எழுதச் சொன்னால்தான் வம்பு. ஒரு வரி எழுதுவாள். அதில் ஓர் எழுத்து திரும்பி நிற்கும். நான் சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். அவ்வளவுதான், ரப்பரை எடுத்து அந்தப் பக்கம் முழுவதையும் அழிப்பாள். வட்டம் அழியாதே, பேனா மை. அதனால் தாள் ஓட்டையாகும் வரை தேய்ப்பாள். சரியாக எழுதிய சொற்களும் அதோடு சேர்ந்து போகும். அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். ஒரு வாரத்தில் ஒரு ரப்பர் காலியானது.

“டீச்சர், நீங்க வட்டம் போட்டா இவ எல்லாத்தையும் அழிச்சிப்போடுதா. முழுசும் தப்புன்னு நெனைக்கா போல” என்று தூத்துக்குடிக்காரி வந்து சொன்னாள். பென்சிலால் குறித்துப் பார்த்தேன். சரியான சொற்களுக்கு மட்டும் டிக் போட்டுப் பார்த்தேன். டிக்கையும் சேர்த்து அழித்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ரப்பரைப் பிடுங்கிப் பீரோவில் வைத்தேன். எச்சிலைத் தொட்டு விரலால் அழித்தாள்.

அன்று மாலை பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளில் சிவப்பாக ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கம்பெனி முடிந்து வருகிறவர். பார்த்ததும் எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது.

ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றிருக்கிறேன். தைத்து வருகிற டி-ஷர்ட்டைப் புரட்டிப் பார்த்து, எங்கேயாவது தையல் விட்டிருந்தால் சரியாக அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஆரோ என்போம். ஒட்டிய பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும். அதற்குப் பெயர் ஆல்டர். அவர் அந்த இடத்தை மட்டும் பிரித்துச் சரிசெய்து அனுப்புவார். ஒரு தையல் விட்டதற்காக யாரும் முழுச் சட்டையையும் பிரிக்க மாட்டார்கள். அந்த ஸ்டிக்கர் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும். வேலை முடிந்து வருகிறவர்களின் சட்டைக் கையில், செருப்பில், தலைமுடியில்கூட ஒட்டிக்கொண்டு வரும்.

மறுநாள் பட்டன், ஜிப் விற்கிற கடையில் ஒரு கட்டு ஆரோ ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அவள் எழுதி முடித்ததும் பேனாவைத் தொடவில்லை. திரும்பி நின்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்பை ஒட்டினேன்.

அவள் அம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். ஜூனில் சேர்ந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. அவளுக்கு அந்த அம்பு என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ரப்பரின் முனையால் அந்த ஓர் எழுத்தை மட்டும் அழித்து, திருப்பி எழுதி, தாளை என் பக்கம் தள்ளினாள்.  தலைமை ஆசிரியையிடம் ஓடிப் போய்க் காட்டினேன். “பரவால்லியே கண்ணு, செக்கிங்ல நின்னதுக்கும் பலன் கெடச்சிருக்குது” என்று கிண்டல் செய்தார்.

அதன் பிறகு வகுப்பு முழுவதற்கும் அம்புதான். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ‘எனக்கு ஆல்டர் வந்திருக்கு, எனக்கு ஆல்டர் வந்திருக்கு’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். முதலில் சில நாள், எழுத்து சரியானதும் அம்பைப் பிய்த்து எடுத்தேன். துணியிலிருந்து வருவது போலத் தாளிலிருந்து அது வருமா? கூடவே தாளும் கிழிந்து வந்தது, பிள்ளைகள் அழுதார்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எத்தனை இடத்தைச் சரிசெய்திருக்கிறார்கள் என்று பார்க்க எனக்கும் வசதியாக இருந்தது.

அக்டோபரில் ஆளுக்கு ஒரு சின்னப் புத்தகம் செய்தோம். வெள்ளைத் தாளை மடித்து நடுவில் பின் அடித்தது. ஒவ்வொரு பக்கத்திலும் பிள்ளை தன் வீட்டைப் பற்றி ஒரு படம் வரைய வேண்டும். அதைப் பற்றித் தனக்கு வந்த மொழியில் சொல்ல வேண்டும், வராவிட்டால் நடித்துக் காட்ட வேண்டும். அதை நான் எளிய ஆங்கில வரியாகச் சொல்வேன், மெல்ல மெல்ல ஒலி பிரித்து. பிள்ளை அதைக் கேட்டு எழுத வேண்டும், அம்பு ஒட்டிய இடத்தைத் திருத்த வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பாடப்புத்தகத்தில் யாரோ ஒருவருடைய வீடும் நாய்க்குட்டியும் இருக்கும். இதில் அவரவர் வீடு. அதனால் வாசிக்கத் தனி ஆசை.

அவளும் செய்தாள். முதல் பக்கத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒரு வீடு, ‘திஸ் இஸ் மை ஹவுஸ்’. அடுத்ததில் அம்மா சோறாக்குகிறார். அதற்கடுத்த பக்கத்தில் தம்பி வாயில் ஏதோ வைத்திருந்தான். என்ன என்று கேட்டேன். கரும்பலகைக்குப் போய் ஒரு சாக்பீஸை எடுத்து வந்து காட்டினாள். ‘மை பிரதர் ஈட்ஸ் சாக்’ என்று எழுதினோம். கடைசிப் பக்கத்தில் அப்பா, தையல் மெஷின் முன்னால். ஏறக்குறைய எல்லா வரியிலும் ஓர் அம்பு, சிலவற்றில் இரண்டு மூன்று. எல்லாவற்றையும் பொறுமையாகத் திருத்தினாள்.

ஆனால் வாசிக்கிறாளா என்பது எனக்குத் தெரியவில்லை. என் முன்னால் வாய் திறக்க மாட்டாள். பீரோவுக்குப் பின்னால் போய் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எட்டிப் பார்த்தால் புத்தகத்தை மூடிக்கொள்வாள்.

“டீச்சர், இவ என்ட்ட வாசிச்சிட்டா. கடேசிப் பக்கம் மட்டும் வர மாட்டேங்கு. ஒங்ககிட்ட வாசிக்க மாட்டாளாம்” என்றாள் தூத்துக்குடிக்காரி.

“அவ அப்படிச் சொன்னாளா?”

“சொல்லல டீச்சர். எனக்குத் தெரியும்லா.”

இவள் சொல்வதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கற்பனை என்று பிரிக்க எனக்கு வழியில்லை. இருந்தாலும் மனதுக்குள் ஒரு தைரியம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளிடமும் புத்தகங்களைக் கொடுத்து, வீட்டில் அப்பா அம்மாவிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அவளுடைய அப்பா பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. பார்த்தால் அசந்துவிடுவார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் வந்தார். ஒரு கையில் கைக்குழந்தை, இன்னொரு கையில் மகளின் பள்ளிப் பை. அவள் சீருடை போடாமல், வீட்டு உடையில் பின்னால் நின்றாள். பையை வராந்தாவில் இருந்த என் மேஜை மேல் வைத்தார். பள்ளியில் கொடுத்த புத்தகங்கள் எல்லாம் அதில் இருந்தன. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

“இது என்னங்க மேடம்? எங்க சூப்பர்வைசர்கூட இவ்வளவு ஆரோ ஒட்ட மாட்டாங்க. என் பொண்ணு ஃபுல்லா ஆல்டருங்களா?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அவமானப்பட்டவர் குரலில் கேட்டார். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு ஆல்டர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். செய்த வேலையையே மறுபடி செய்ய வேண்டும், கூலி கிடையாது, தையல் லைன் முழுவதும் கேட்கிற மாதிரி சூப்பர்வைசர் கத்துவார். வாரம் பூராவும் கம்பெனியில் அம்பைப் பார்க்கிற மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் அம்பைக் காட்டியிருக்கிறேன்.

“இல்லீங்க, அதெல்லாம் அவ சரி பண்ணிட்டா. நல்லாப் பண்ணிட்டா” என்றேன்.

அவர் மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செக்கிங் மேஜையில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம், சரியான பீஸில் அம்பு இருக்கக் கூடாது என்பது. திருத்தியதும் எடுத்துவிட வேண்டும். அம்போடு இருக்கிற பீஸ் இன்னும் சரியாகாத பீஸ். வேறு அர்த்தமே கிடையாது. மேஜையில் நின்று அதே வேலையைப் பார்த்த நான், தாள் கிழிகிறது என்று எல்லா அம்பையும் அப்படியே விட்டு, தையல்காரர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரிந்த ஒரே குறி அந்தப் புத்தகத்தில் அதுதான். அதை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

விளக்கப் பார்த்தேன். தமிழில் ஆரம்பித்து, இந்திக்குத் தாவி, கையை ஆட்டிக் குழப்பினேன். தலைமை ஆசிரியையும் வந்து, “ஏனுங்க தம்பி, அவசரப்படாதீங்க. புள்ள நல்லாப் படிக்குதுங்க” என்றார். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“நீங்க நல்லவங்கதாங்க மேடம். பொண்ணுக்கு வரலைங்க, விடுங்க. சம்சாரத்துக்கு வேலை சொல்லிட்டேனுங்க. இன்னிக்கே வரச் சொல்லிட்டாங்க.”

 எதைச் சொன்னாலும் அந்த அம்புகள் இல்லை என்று சொல்லிவிடும். மகளை வாசித்துக் காட்டச் சொல்லலாம்தான். ஆனால் என் முன்னால் ஒரு நாள்கூட வாசிக்காதவள். அவளை நிறுத்தி வைத்து, அவள் வாயடைத்து நின்றுவிட்டால், எல்லாம் அதோடு முடிந்தது. அந்தப் பயத்தில் நான் கேட்கவே இல்லை.

அவள்தான் அப்பாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்தை விரித்து, விரலை முதல் சொல்லுக்கு அடியில் வைத்தாள்.

“திஸ்… இஸ்… மை… ஹவுஸ்.”

குரல் சன்னமாக இருந்தது, கொஞ்சம் கரகரப்பாகவும். அப்படித்தான் அவள் குரல் இருக்கும் என்றே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாசித்து முடித்ததும் நகத்தால் அந்தப் பக்கத்து அம்பைச் சுரண்டி, தாள் கிழியாமல் மெல்ல உரித்தாள். நான் பிய்த்த மாதிரி வெடுக்கென்று பிய்க்கவில்லை, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. உரித்ததை என்ன செய்வதென்று ஒரு நொடி பார்த்தாள். அதற்குள் அப்பாவும் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், அவர் மடியில் தம்பி. அவன் தொப்பையில் ஒட்டினாள். அவன் அதைப் பார்த்துக் கையைத் தட்டினான்.

அடுத்த பக்கம். அம்மா சோறாக்குகிறார். வாசித்தாள், உரித்தாள், தம்பியின் முழங்காலில் ஒட்டினாள். அவன் முதல் அம்பை எடுத்து வாயில் போடப் பார்த்தான். அப்பா கண்ணை மகளிடமிருந்து எடுக்காமலே அவன் கையிலிருந்து பிடுங்கினார். ‘மை பிரதர் ஈட்ஸ் சாக்’ வந்தது. வகுப்பு வாசலில் தூத்துக்குடிக்காரியின் தலைமையில் மொத்த வகுப்பும் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் வகுப்பில் அது நடந்தது என்று சொன்னால் அடுத்த வகுப்பு டீச்சர் இன்றும் நம்ப மாட்டார்.

ஒவ்வொரு வரியாக வாசித்தாள். ஓரிடத்தில் தடுமாறி, பின்னால் போய், ஒலியைக் கூட்டி மறுபடி வந்தாள். வாசித்தால்தான் அம்பை உரித்தாள், தடுமாறிக்கொண்டிருக்கும்போது தொடவில்லை. அந்தக் கணக்கில் அவள் யாரையும் ஏமாற்றவில்லை.

கடைசிப் பக்கம் வந்தது. மெஷின் முன்னால் அப்பா படம். “மை… ஃபாதர்…” என்றாள். அடுத்த சொல்லில் நின்றுவிட்டாள். ‘ஸ்டிச்சஸ்’. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிய சொல்தான். நானே யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். “ஸ்…ட்…” என்று இழுத்தாள், மறுபடி இழுத்தாள். வாசலில் தூத்துக்குடிக்காரிக்கு வாய் துறுதுறுத்தது. தலைமை ஆசிரியை அவள் வாயைப் பொத்தினார். எனக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

அவளுக்கு வரவில்லை. அம்பின் மேல் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டாள். அதை உரிக்காமல் அப்படியே விட்டு, புத்தகத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் வாங்கி முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் புரட்டினார். எங்கும் அம்பு இல்லை. உரித்த இடத்தில் தாள் லேசாக வெளுத்திருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒன்று. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல என்ன எழுதியிருக்குதுங்க?”

“எங்க அப்பா சட்டை தைக்கிறாருன்னு எழுதியிருக்காளுங்க” என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. கட்டை விரலால் அந்த அம்பைத் தடவினார், உரிக்கவில்லை. பிறகு எழுந்தார். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, மேஜை மேல் வைத்த பையை எடுத்து, புத்தகத்தை அதற்குள் வைத்து மகளின் தோளில் மாட்டினார்.

“இது ஒண்ணுதானுங்க மேடம் ஆல்டர். நாளைக்குப் பண்ணிக்கட்டுங்க” என்றார்.

சொல்லிவிட்டு, குழந்தையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போக நேரமாகிவிட்டது என்று வேகமாகப் போய்விட்டார். தம்பியின் முதுகில் ஒரு அம்பு ஒட்டியிருந்தது. ‘நாளைக்கு’ என்று அவர் சொன்னதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் உள்வாங்கினேன். தலைமை ஆசிரியை என் தோளில் தட்டி, “கேட்டுச்சா கண்ணு?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனேன். வீட்டு உடையிலேயே அவள் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிக்காரி அவளுக்கு அந்தச் சொல்லை எச்சில் தெறிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சீருடையில் வந்தாள். தீபாவளிக்குப் பிறகும் வந்தாள். தம்பிக்கு இரண்டு வயது ஆனதும் அவனைப் பக்கத்து அங்கன்வாடியில் சேர்க்கத் தலைமை ஆசிரியை ஏற்பாடு செய்தார். அம்மாவும் வேலைக்குப் போனார். ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில்தான் படித்தாள். கடைசி வரை அதிகம் பேசுகிற பிள்ளையாக ஆகவில்லை, ஆனால் வாசிக்கச் சொன்னால் வாசித்தாள்.

நான் இன்றும் வகுப்பில் அம்புதான் ஒட்டுகிறேன். ஒட்டும்போது ஓரத்தை மடித்துவிடுகிறேன், உரிக்கச் சுலபமாக இருக்கும். உரிப்பது பிள்ளையின் வேலை, வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உரிக்க வேண்டும். எந்தப் புத்தகமும் திருத்திய இடத்தில் அம்போடு வீட்டுக்குப் போகாது. பிள்ளை தடுமாறுகிற இடத்தைத் தேடித் தேடிக் காட்டுவதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை தேறிவிட்டதையும் அதே மாதிரி காட்டாமல் விட்டால், வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக்கூடப் படிப்பை விட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்துவிடுவோம் என்பதை அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் மறக்கவில்லை.